பசியில்லாத மீனுக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அம்மாவுக்கு முன்னால் யாரும் ஈ கட்டியதில்லை. கொழுந்து பறித்தார்கள், வத்தேகம சந்தையில் மூட்டை இறக்கினார்கள், கண்டியில் புடவைக் கடைகளில் நின்றார்கள். ஈ கட்டுவது என்று ஒரு வேலை உலகத்தில் இருப்பதே, பஸ் பாதையோரம் புதிதாக வந்த தொழிற்சாலை ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வெளிநாட்டில் சிலர் மீன் பிடிக்கப் புழுவைக் கோர்ப்பதில்லையாம். தூண்டில் முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி, பூச்சியைப் போல ஒன்றைச் செய்து தண்ணீரில் எறிவார்களாம். அதை உண்மையென்று நம்பி மீன் கவ்வுமாம். அந்தப் பொய்ப் பூச்சிகளை இங்கே நம் பெண்கள் வரிசையாக மேசைகளில் உட்கார்ந்து கட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த மீனைப் பார்த்ததில்லை.

அம்மா கொழுந்து மலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தபோது ஒரு சுவர் தள்ளி அடுத்த காம்பிராவில் இருந்த பெரியம்மாதான் முதலில் சிரித்தது.

"வேல இல்லாதவன் ஈ ஓட்டுவான்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒம் பொண்டாட்டி ஈயப் புடிச்சு கட்டுறாளாமே தம்பி? கயிறு எம்புட்டு நீளம்?"

சந்தையில் மூட்டை சுமக்கும் அப்பாவுக்கும் அந்த வேலை முழுதாக விளங்கியிருக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. எனக்கும் விளங்கவில்லைதான், ஆனால் நான் நம்பினேன். அம்மா சொல்லச் சொல்ல வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். அங்கே இரண்டு வகை மேசையாம். ஒன்று ட்ரவுட் மீனுக்கு. அதற்குக் கட்டும் ஈ, ஆற்றில் பறக்கும் பூச்சியைப் போலவே இருக்க வேண்டும். மற்றது சால்மன் மேசை. அதற்குப் போனால்தான் நிரந்தர வேலை.

"அந்த மீனு கடல்ல இருந்து ஆத்துல ஏறி வருமாம்டா, முட்ட போட. ஏறி வர்ற நேரம் அதுக்குப் பசியே எடுக்காதாம். ஒன்னுமே திங்காதாம்."

"திங்காட்டி எப்புடிம்மா தூண்டில கவ்வும்?"

"அதத்தான் நானும் வேல பழக்குற மிஸ்ஸுகிட்ட கேட்டேன். யாருக்கும் தெரியாதாம். அழகா இருந்தா கவ்வுமாம்."

பசியில்லாத ஒன்றின் வாயைத் திறக்க வைக்கும் அழகு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோதும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அம்மா முகம் செத்து வந்தாள். சால்மன் ஈயின் உடம்பைப் பட்டு நூலால் சுற்ற வேண்டும். சுற்றுச் சுற்றாகத் தெரியக்கூடாது. ஒரே துண்டுக் கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்த பெண் பிள்ளைகளின் விரலில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. அம்மாவின் விரலில் அது மாட்டிக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு வருடக் கொழுந்து, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி, குளிர் தண்ணீர், சாம்பல் எல்லாம் சேர்ந்து அவள் விரல் நுனிகளில் வெடிப்பு வெடிப்பாகக் கறுப்புக் கோடு போட்டிருந்தன. ஒவ்வொரு வெடிப்பும் பட்டில் ஒரு இழையைப் பிடித்து இழுத்தது.

"வேல சரியாம். கைதான் சரியில்லையாம்," என்றாள் அம்மா. "வெள்ளிக்கெழம பாப்பாங்களாம். பிசிறு இருந்தா வீட்டுக்குத்தானாம்."

திரும்ப மலைக்குப் போக முடியாது என்பதல்ல. போகலாம். பெரியம்மா நிற்கும் அதே வரிசையில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு, "வெள்ளி வரைக்கும் நீ தண்ணியில கை வைக்காத" என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் அந்த அதிசய வாரம் தொடங்கியது. அம்மா ராணியைப் போல உட்கார்ந்திருந்தாள். அப்பா அடுப்பு மூட்டினார். அவர் சுட்ட ரொட்டியைச் சம்பலோடு கடித்தபோது என் பால் பல் ஒன்று விழுந்தது; விழ வேண்டிய பல்தான் என்று அவர் சாதித்தார். விடிவதற்கு முன்பே, லயத்துக்கெல்லாம் பொதுவான தண்ணீர்ப் பீலியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். சட்டி பானைகளை வெளியே கொண்டுபோகாமல் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கழுவினார். கழுவிய பிறகு அவை முன்னைவிடக் கறுப்பாக இருந்தன. சாயந்தரமானால் அம்மாவின் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டார். அம்மா கரண்டியால் சோறு சாப்பிட்டாள். நானும் தங்கச்சியும் அதைப் பார்த்துப் புரையேறச் சிரித்தோம்.

அவர் கதவைச் சாத்தியதில் பிரயோசனம் இருக்கவில்லை. லயத்துச் சுவர் எந்த இரகசியத்தை வைத்திருந்தது? பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதும் பக்கத்துக் காம்பிராவிலிருந்து குரல் வரும்.

"தம்பி, சத்தமில்லாம கழுவுப்பா. ஈ பறந்துரும்!"

அப்பா பாத்திரத்தைத் தரையில் மெதுவாக வைப்பார்.

வியாழக்கிழமை சாயந்தரம் அம்மா சுற்றுத் துணிகளை அவிழ்த்தாள். தொழிற்சாலையிலிருந்து ஒரு முள்கூட வெளியே கொண்டுவர முடியாது. அதனால் அப்பா ஒரு குண்டூசியின் கூர் நுனியை நறுக்கி வளைத்து, குறட்டின் வாயில் கவ்வ வைத்து, கைப்பிடியை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கொடுத்தார். மடவளைக் கடையில் வாங்கிய மஞ்சள் பட்டு நூல் இருந்தது. லயத்துக்குப் பின்னால் திரியும் சிவப்புச் சேவலின் கழுத்து இறகு இரண்டு இருந்தன. அவை நான் பொறுக்கியவை.

அம்மா மூச்சை மெதுவாக விட்டபடி சுற்றத் தொடங்கினாள். முதலில் அது குண்டூசியாக இருந்தது. பிறகு மஞ்சள் உடம்பு வந்தது. பட்டு இரண்டு இடங்களில் மாட்டியது. அவள் அவிழ்த்துவிட்டு மீண்டும் சுற்றினாள். இறகின் நடுத்தண்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியதும் மயிர்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று கால்களாயின. மற்ற இறகில் ஒரு கீற்றைப் பிரித்து மேலே வைத்துக் கட்டினாள். சிறகு. தலையில் முடிச்சுப் போட்டு நூலை வெட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனாலும் எந்த இடத்தில் அது குண்டூசி என்பதை விட்டுவிட்டுப் பூச்சியானது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. கெம்பஸில் உயிரியல் படிக்கிறேன். பூச்சிகளின் கால், சிறகு, கண் எல்லாவற்றையும் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டேன். அந்த இடம் மட்டும் அகப்படவில்லை.

குறட்டிலிருந்து கழற்றி, மின்குமிழுக்குக் கீழே சுவர் விளிம்பில் வைத்தாள். அப்போதுதான் கூரைத் தகரத்துக்குள்ளிருந்து பல்லி இறங்கியது.

யாரும் அசையவில்லை. பல்லி ஒரு சாண் வந்து நின்றது. வால் நுனி மட்டும் துடித்தது. தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பல்லி இன்னும் நான்கு விரற்கடை நகர்ந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, பாய்ந்தது! வாயில் சேவல் இறகு தெரிய இரண்டு முறை உதறியது. பிறகு துப்பிவிட்டு, அவமானப்பட்டதைப் போல மேலே ஓடியது.

"பல்லியே ஏமாந்துருச்சேடி!" அப்பா கத்தினார். நாள் முழுதும் பூச்சி தின்றே வாழும் பல்லி. அதை ஏமாற்றியது என் அம்மா! அந்த நிமிடம் அவள் கடவுளுக்கு அடுத்தபடியாக என் கண்ணுக்குத் தெரிந்தாள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கீழே விழுந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அது பசியில கவ்வுனது. நான் கட்டப்போறது பசியில்லாத மீனுக்காச்சே," என்றாள்.

மறுநாள் அப்பா சந்தையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். சோறு ஆக்கினார், தண்ணீரும் பிடித்து வைத்தார். பிறகு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஏற்றத்தில் வந்த அம்மாவின் நடையைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்துதான் வாயைத் திறந்தாள்.

"பிசிறு இல்லையாம். திங்கக்கெழம சால்மன் மேசைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லானது. தங்கச்சியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சட்டென்று நின்றார்.

"அப்ப கை?"

"கை இப்புடியே இருக்கணுமாங்க," என்றாள் அம்மா சின்னக் குரலில். "எப்பவுமே."

அப்பா கழுவாமல் கிடந்த சட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டியை ஒரு கையிலும் வெறும் குடத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். நல்ல வெளிச்சம். மலையிலிருந்து வந்த பெண்களெல்லாம் பீலியில் கூடி நிற்கிற நேரம். பெரியம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றது.

நான் பின்னாலேயே ஓடினேன். நிறைந்த இரண்டு வாளிகள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"அப்பா, வீட்டுல தண்ணி இருக்கு!"

அவர் திரும்பவில்லை. நேராகப் போய், பெண்களின் வரிசையில் பெரியம்மாவுக்குப் பின்னால் குடத்தை வைத்தார். சந்தோஷத்தில் வாளிகளை மறந்துவிட்டார், பாவம் என்று நினைத்து, நான் இன்னும் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.