நிழல் விழுகிற பக்கம்

என் அக்காள் வீட்டுக்காரர், எனக்கு மச்சான், போலீஸில் ஏட்டாக இருந்தார். தேனிக்கும் வீரபாண்டிக்கும் நடுவே புளியமரச் சாலையில் நின்று, வண்டிகளை இடப்பக்கமாக ஓட்டவைப்பது அந்த வருஷம் அவருக்கு இட்ட வேலை. வலப்பக்கமாக வந்த ஒரு மாட்டுவண்டியில் பஸ் மோதிக் காளைக்குக் கால் ஒடிந்த பிறகு வந்த உத்தரவு அது. தேனியில் மாசக் கடைசிச் சந்தை கூடுகிற அன்று கம்பத்திலிருந்து காரில் வந்து சாலை நெடுகப் பார்ப்பேன், வண்டிகள் அப்போதும் இஷ்டத்துக்குப் போனால் உனக்கு மாற்றல்தான் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். மாற்றல் என்றால் கடமலைக்குண்டு தாண்டி மலையடிவாரம். குளிர்காய்ச்சலுக்குப் பேர்போன இடம். அக்காள் குழந்தைக்கு அப்போது தலைகூட நிற்கவில்லை.

நான் ஸ்கூல் பைனல் முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் தினமும் தொண்டை வறளக் கத்துகிறார். ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

மச்சானிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. தேனியிலிருந்து மண்ணெண்ணெய் ஏற்றிப் போகிற வண்டிக்காரர்கள் ஒழுங்கானவர்களாம். போகும்போதும் இடப்பக்கம், திரும்பும்போதும் இடப்பக்கம். சின்னமனூர்ப் பக்கமிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் மட்டும் போக்கிரிகளாம்.

"அவுக ஊர்த் தண்ணி அப்படி, மாப்ளே" என்றார். அவருடைய மாமன் மக்கள் பாதிப்பேர் சின்னமனூரில்தான் இருந்தார்கள். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

மச்சான் நிற்கிற இடத்தில் மட்டும் எல்லோரும் யோக்கியர்கள்தான். அவரைத் தாண்டி எதிரே வருகிறவன் மாடு ஓட்டுகிற தார்க்குச்சியை நிமிர்த்திப் பிடித்தால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். உடனே வண்டி இடப்பக்கம் ஒதுங்கும்; அவர் கண்ணுக்கு மறைந்ததும் பழைய பக்கத்துக்கே போய்விடும். ஒரு வண்டிக்காரரோடு சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து, ஏன் வலப்பக்கம் போகிறீர்கள் என்று கேட்டேன். அரைத் தூக்கத்தில் இருந்தவர் அப்போதுதான் கண்ணைத் திறந்து, தாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று பார்த்தார்.

"அது பாட்டுக்குப் போகுது தம்பி. நான் எங்கன ஓட்டுறேன்?"

போக்கிரித்தனம் பண்ணுகிறவனுக்குத் தான் பண்ணுவதாவது தெரிந்திருக்க வேண்டாமா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் காலை ஏறுவெயிலில் அதே சாலையில் போனேன். கீழ்ப்பக்கத்து, அதாவது கிழக்கோரத்து, மரங்களின் நிழல் சாலையில் கிழக்குப் பாதியை மூடியிருந்தது. மேற்குப் பாதி கொதித்தது. சின்னமனூரிலிருந்து வடக்கே தேனிச் சந்தைக்குப் போகிறவனுக்கு இடப்பக்கம் என்பது மேற்கு. சாயங்காலம் அவன் தெற்கே திரும்பும்போது வெயில் கிழக்குப் பாதிக்கு மாறியிருக்கும். அப்போது அவனுக்கு இடப்பக்கம் கிழக்கு. சட்டப்படி போனால் அவன் மாடுகளுக்குப் போகையிலும் வெயில், வருகையிலும் வெயில். மண்ணெண்ணெய் வண்டி காலையில் தெற்கே போய்ச் சாயங்காலம் வடக்கே வருகிறது. அதற்கு இரண்டு நேரமும் இடப்பக்கத்திலேயே நிழல். ஒழுங்கும் போக்கிரித்தனமும் ஊர்த் தண்ணியில் இல்லை!

பெடலை மிதித்துப் பறந்தேன். மச்சான் முழுக்கக் கேட்டுவிட்டு, மாடு நிழலுக்கு ஒதுங்கினால் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியதுதானே, அதற்குத்தானே மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அப்போதுதான் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தேன்.

"மச்சான், கால வேளையில நீங்க ஏன் எப்பவும் கீழ்ப்பக்கமே நிக்கிறீக? சாயங்காலம் மேக்குப் பக்கத்துக்குப் போயிர்றீக?"

அவர் தலைக்கு மேலிருந்த புளியமரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போடா" என்றார்.

நான் போகவில்லை. சந்தைக் கமிட்டிக்காரர் ஒருவரைப் பிடித்து, சந்தையை விடியுமுன் கூட்டி நிழல் மாறுமுன் கலைக்க முடியுமா என்று கேட்டேன். உங்கள் மச்சானுக்காகக் கத்தரிக்காய் இருட்டில் காய்க்குமா என்று கேட்டுச் சிரித்தார். நாள் நெருங்க நெருங்க மச்சான் கத்துவதும் குறைந்தது. அக்காள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

சந்தையன்று விடியும்போதே மேற்கே மலையாளத்துப் பக்கமிருந்து மேகம் இறங்கிச் சாரல் பிடித்துவிட்டது. சாலையில் நிழலும் இல்லை, வெயிலும் இல்லை. வீரபாண்டி வரைக்கும் சைக்கிளில் நனைந்துகொண்டே போனேன். அந்த மாசம் முழுக்க மச்சானிடம் வாங்கிய வசவு அவர்களுக்கு மறந்திருக்கவில்லை. அதன்படி நடப்பதற்கு அன்றைக்குத் தடையாக ஒன்றும் இல்லாததால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கமாகவே வந்தன. சந்தேகமே வேண்டாம், நிழல்தான் காரணம் என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் கார் தடையில்லாமல் போயிற்று. மச்சான் பக்கத்தில் அவர் அதை நிறுத்தி, நல்ல வேலை, இங்கேயே இரு, அடுத்த மாசமும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அக்காள் சாக்கைப் பிரித்தாள். மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, மேற்கே மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏலே மாப்ளே" என்றார். "அடுத்த மாசச் சந்தைக்கும் சாரல் இருக்குமா?"