டிட்ராய்டிலிருந்து டொராண்டோ: 235 மைல், இரண்டு சாரம், ஒரு தோட்டா

டிட்ராய்டிலிருந்து டொராண்டோவுக்குக் காரில் போவது எப்படி என்று மூன்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் அந்த வழியில் போனது 1974 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை. பாதை இன்றும் அதேதான். மற்றவை மாறியிருக்கலாம், விசாரித்துக்கொள்ளவும்.

போன காரணம் மதியச் சாப்பாடு. டொராண்டோவில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடியில் யாழ்ப்பாணத்துக்காரரான சிவபாதம் அண்ணையும் அவர் மனைவி இந்திராணி அக்காவும் இருந்தார்கள். ஆட்டுக்கறியும் புட்டும் சாப்பிட வரச்சொல்லி ஆறு மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கூட வந்தவன் என் கல்லூரி நண்பன் வரதன். டிட்ராய்டு மருத்துவமனை ஒன்றில் இதய மருத்துவம் பயின்றுகொண்டிருந்தான். கார் அவனுடையது.

காலை 6.10க்குக் கிளம்பினோம். நதிக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைக்குச் சுங்கம் முக்கால் டாலர். கனடா பக்கம் வெளியே வந்ததும் அதிகாரி ஒருவர் அறிவிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வரதன் நேர்மையாக, "ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய்" என்றான். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். நான்கு நிமிடம் யோசித்து அனுமதித்தார். நாட்டின் பாதுகாப்பில் அத்தனை அக்கறை.

இருபது மைலுக்கு ஒரு மரம் என்ற கணக்கில் 401 நெடுஞ்சாலை போகும். தூக்கம் வரும். பாதி தூரத்தில் லண்டன் என்று ஓர் ஊர். அங்கே 9.15க்குக் காப்பி குடிக்க நிறுத்தினோம். காப்பி சுமார், சுடச்சுட இருந்தது. ஷூ நாடாவைக் கட்ட வரதன் குனிந்தபோது அவன் கோட்டு மேலேறியது. இடுப்பில், தோல் உறைக்குள், கைத்துப்பாக்கி.

"என்னடா அது?"

"தெரியுதில்ல, அப்புறம் என்ன கேள்வி?"

வசந்தத்தில் மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் இவனை அடித்துக் கைக்கடிகாரத்தைப் பறித்துப் போனது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இதை வாங்கியது தெரியாது. இதைக் கட்டிக்கொண்டு நாடு தாண்டி வந்திருக்கிறோம் என்பது அந்த நிமிடம் வரை தெரியாது. காப்பிக் கோப்பையை வைக்க மேசை எங்கே என்று தேடினேன். அது என் முன்னால்தான் இருந்தது.

திரும்பிப் போனால் மறுபடியும் எல்லை. அதனால் டொராண்டோ நோக்கியே ஓட்டினோம். மீதி 120 மைலும் ஒரே விவாதம். துப்பாக்கி இருக்கலாமா என்பதல்ல, அந்தக் கட்டத்தை வரதன் தாண்டிவிட்டிருந்தான். தோட்டா கைப்பிடிக்குள் இருக்கும் பெட்டியோடு நிற்க வேண்டுமா, அல்லது ஒன்று குழலில் ஏறி, விசையை இழுத்தால் போதும் என்று தயாராக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அவனுடையது ஏறியிருந்தது.

"கடைக்காரனே சொன்னான்டா. ஏறலைன்னா அது இரும்புக்கட்டி. பின்னுக்கு இழுத்து ஏத்த ஒரு செகண்ட் ஆகும். அந்த ஒரு செகண்ட்ல உயிர் போயிடும்."

"யாரோட உயிர்?"

"கேக்குறான் பாரு கேள்வி," என்றான். மருத்துவர்களுக்கு எண்கள் மேல் நம்பிக்கை அதிகம். ஒரு செகண்டை அவன் எனக்கு அறுபது விதமாக விளக்கினான்.

11.40க்குச் சேர்ந்தோம். பதினான்காவது மாடி. கதவு திறந்ததும் கறி வாசம், அதற்குப் பின்னால் சிவபாதம் அண்ணை.

"வாங்கோ தம்பியள், வாங்கோ! முதல்ல களுசானைக் கழட்டிப்போட்டு இந்தச் சாரத்தைக் கட்டுங்கோ. பிறகு கதைப்பம்."

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: யாழ்ப்பாணத்து வீடுகளில் இதுதான் உபசாரத்தின் முதல் படி. வந்தவர் பேண்டோடு உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டும். மறுக்க வழி கிடையாது. சாரமோ, நம்மூர் லுங்கிதான், வயிற்றில் ஒரு சுருட்டலை நம்பி நிற்கும் ஆடை, துப்பாக்கியைத் தாங்காது. தற்காப்பு நிபுணர் எவரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. வரதன் துப்பாக்கியை உறையோடு பேண்டுக்குள் சுருட்டிச் சோபாவின் பின்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

இடுப்பில் துண்டும் தலையில் நுரையுமாக வெளியே எட்டிப்பார்த்தான். "என் பேண்ட் எங்கடா?"

"இந்திராணி கீழ கொண்டு போயிட்டா," என்றார் அண்ணை. "பயண ஊத்தையோட திரும்பிப் போகலாமோ? சனிக்கிழமை பன்னிரண்டுக்குத்தான் எங்களுக்கு மெசின் முறை. தோய்ச்சுத் தருவா, யோசியாதேங்கோ."

வரதன் தலையிலிருந்த நுரையைக்கூடத் துடைக்கவில்லை. அவன் சாரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினான். நான் பின்னால். அண்ணை அகப்பையோடு பின்னால்.

அந்தக் கட்டடத்தின் லிப்ட் எல்லா மாடியிலும் நின்றது. ஒன்பதாவதில் ஒரு அம்மாள் நாயோடு ஏறினார், எங்களைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

"களுசானுக்குள்ள காசு கிடக்கோ?" என்று அண்ணை கேட்டார்.

"இல்லண்ணே."

"அப்ப ஏன் ஓடுறியள்?"

 துப்பாக்கி இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அண்ணை அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  கீழேயிருந்து ஒரு சத்தம் வருமா என்று மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நிலவறைச் சலவை அறையில் இந்திராணி அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். ஆறடி தள்ளிச் சிமெண்டுத் தரையில் துப்பாக்கி, உறையை விட்டு நழுவி.

"போன கிழமை பொக்கற்றுக்குள்ள ஒரு பேனை கிடந்து எல்லாம் மை. அதுதான் உதறினனான்," என்றார். குரல் சின்னதாக இருந்தது. "விழுந்திட்டுது. அது என்னைப் பாத்துக்கொண்டு கிடக்கு."

குழலின் வாய் அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. வரதன் மண்டியிட்டு எடுத்தான். தினமும் இதயங்களின் பக்கத்தில் வேலை செய்த கைகளிலிருந்து பிடி இரண்டு முறை வழுக்கியது. ஏறியிருந்த தோட்டாவை வெளியே எடுக்க எவ்வளவு நேரம் என்று எண்ணினேன். நாற்பது செகண்ட். அது மெஷினின் தகரத்தில் விழுந்து உருண்டு நின்றது.

"விழேக்க வெடிச்சிருக்குமோ, தம்பி?"

பொய் சொல்வான் என்று நினைத்தேன். "வெடிச்சிருக்கலாம், அக்கா."

"எதுக்கு உது?"

"பாதுகாப்புக்கு."

"ஆற்ற பாதுகாப்புக்கு?"

காரில் யாரோட உயிர் என்று நான் கேட்டதும் இதையேதான். ஏரியில் எறிந்துவிடலாம் என்றார் அண்ணை. "ஏரியில ஆரோ ஒராளின்ர பிள்ளை கண்டெடுக்கும்," என்றார் அக்கா. "பொலிசைக் கூப்பிடுங்கோ." தன் படிப்பு, விசா, வேலை எல்லாம் அந்த அழைப்பில் போகலாம் என்று வரதனுக்குத் தெரியும். "கூப்பிடுங்க அண்ணே," என்றான்.

அதற்குள் பன்னிரண்டரை. முறை போய்விடும் என்று அக்கா பேண்டை மெஷினில் போட்டுவிட்டார். ஆகவே வரதன், வந்த போலீஸ் காரில், காவல் நிலையத்துக்குச் சாரத்தோடு போனான். அக்டோபர் குளிருக்கு அது போதாது.

அங்கே நானும் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி வயதானவர், மெதுவாக எழுதுபவர். தோட்டா ஏறியிருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றான். எழுதிக்கொண்டார். இந்த ஊருக்கு எதற்காக வந்தீர்கள் என்றார்.

"மதியச் சாப்பாட்டுக்கு."

அவர் பேனாவை வைத்துவிட்டு வரதனின் சாரத்தைப் பார்த்தார்.

துப்பாக்கியை வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வழக்கு, ஒரு அபராதம், மருத்துவமனைக்கு ஒரு கடிதம். வேலை ஒரு நூலில் தப்பியது. மாலை 5.20க்குத் திரும்பியபோது புட்டு சூடாக இருந்தது. பேண்ட் இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா எங்களுக்குப் பரிமாறினார். தான் சாப்பிடவில்லை. கறிச்சட்டி மூடி தரையில் விழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டொராண்டோவில் பார்க்க வேண்டிய இடங்கள் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்த்தது ஒரு நிலவறையும் ஒரு காவல் நிலையமும். போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: காலை ஆறரைக்குள் சுரங்கப்பாதையைத் தாண்டிவிடுங்கள். ஊறுகாயை மேலாக வையுங்கள், எப்படியும் திறப்பார்கள். போன பத்து நிமிடத்தில் உங்களுக்குச் சாரம் தரப்படும். சாரத்தில் வைக்க முடியாத எதையும் எல்லை தாண்டி எடுத்துப் போகாதீர்கள். தோட்டா ஏறியிருக்கலாமா என்று இன்னும் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். கேள்வியை இந்திராணி அக்காவிடம் கேளுங்கள் என்று பதில் போடுகிறேன்.

வரதன் போன மாதம் என் வீட்டுக்கு வந்தான். எழுபது தாண்டிவிட்டது. மாற்றுத்துணி கொடுத்தேன். பேண்டைக் கழற்றுமுன் பைகள் இரண்டையும் வெளியே இழுத்து, சாவி, கைக்குட்டை, மாத்திரைப் பட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினான். என் மனைவி வந்து பார்க்கும்வரை அங்கேயே நின்றான்.