பதினேழு வருஷ பிளானும் ஒரு தள்ளுவண்டியும்

போன சனிக்கிழமை என் மகள் ஆதிராவை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனேன்.

இன்டர்வியூ என்று சொல்லக் கூடாதாம். "சும்மா குழந்தையைப் பாக்கறோம்" என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

எனக்கு நாற்பத்தொரு வயது. லேட் குழந்தை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை - அதாவது, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் எங்கள் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. எங்கள் தொழிலில் எந்த ஆர்டரையும் கடைசியிலிருந்துதான் பிளான் பண்ணுவோம். கப்பல் என்றைக்கு? அப்படியானால் பேக்கிங் என்றைக்கு, தையல் என்றைக்கு, தோல் என்றைக்கு வர வேண்டும்?

ஆதிராவுக்கும் அதையேதான் செய்தேன். ஐம்பத்தெட்டில் எனக்கு ரிட்டயர்மென்ட். அதற்குள் அவள் டிகிரி முடிக்க வேண்டும். காலேஜ் மூன்று, பள்ளிக்கூடம் பன்னிரண்டு, எல்.கே.ஜி., யு.கே.ஜி... மொத்தம் பதினேழு வருஷம். கூட்டிப் பாருங்கள், சரியாக ஐம்பத்தெட்டு. ஒரு வருஷம்கூட மிச்சமில்லை. இந்த ஜூனில் அவள் உள்ளே போயே ஆக வேண்டும்.

சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேர் பால் பல் விழாத பிள்ளைக்கு காலேஜ் முடிவு பண்ணி வைத்திருக்கிறீர்கள்? எனக்குத் தெரியும்.

எங்கே சேர்ப்பது என்பதில் சந்தேகமே இல்லை. தோல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் பள்ளி ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. நிர்வாகம் அவர்களுடையது; ஒண்ணாங் கிளாஸிலிருந்து வாத்தியார் சம்பளம் சர்க்காருடையது. அதனால் ஃபீஸ் கம்மி. அதே காம்பவுண்டில் காலேஜும் உண்டு. ஒரு தடவை நுழைந்துவிட்டால் பட்டத்தோடுதான் வெளியே வரணும், நடுவில் யாரையும் கெஞ்ச வேண்டாம். விளைவு? மொத்த ஊரும் எல்.கே.ஜி. வாசலில் வந்து விழுகிறது.

ஒரு மாதம் தயார் பண்ணினேன். ஆர்டர் பிடிக்க பையருக்கு சேம்பிள் ஜோடி அனுப்புவோமே, அப்படி. அதில் ஒரு தையல் பிசகாது. கண்ணாடி மாதிரி மின்னும். அப்புறம் ஃபேக்டரியில் பல்க்காக வரும் ஆயிரக்கணக்கான ஜோடிகளும் அப்படியே இருக்குமா? அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெயர், மூன்று கலர், மூன்று பழம், ஒரு ரைம். எல்லாம் இங்கிலீஷில். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "டப்பால வச்சு எடுத்துனு போய்டலாமா?" என்றார். நான் அடுத்த பழத்துக்குப் போனேன்.

ஹெச்.எம். மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். ஆதிராவிடம் தமிழில், காலையில் இன்னா சாப்ட்டே கண்ணு என்று கேட்டார். சிலபஸில் இல்லாத கேள்வி.

"ஆப்பிள், மேங்கோ, பனானா" என்றாள் இவள், சல்யூட் ஒன்றுதான் பாக்கி.

மேடம் என் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுக்காரரும் ஷூ கம்பெனிதாம்மா. இது சேம்பிள். நான் பல்க் பாக்கணும்."

பையரின் ஆட்கள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தால் நாம் எடுத்து நீட்டும் பெட்டியைத் தொட மாட்டார்கள். அடியில் கிடப்பதை அவர்களே இழுத்துப் பிரிப்பார்கள். மேடமும் அதையே செய்தார். ஆதிராவை மற்ற பிள்ளைகளோடு மணலில் விளையாட அனுப்பிவிட்டு, எங்களை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

பிள்ளைகள் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் குதித்தார்கள். என் மகள் குதிக்கவில்லை. கழற்றிய ஷூக்களை ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனாள், வந்தாள், போனாள். கடைசியில் படியில் உட்கார்ந்து உள்ளங்கையைக் காதில் வைத்துக்கொண்டாள். அச்சு அசல் என் குரல்.

"கண்டெய்னர் கிளம்பிடுச்சு சார். ஆன் த வே."

என் கணவர் ஃபேனைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார்.

"உங்க கண்டெய்னர் இப்ப எங்கம்மா இருக்குது?"

"பேக்கிங்கே முடியல, மேடம்."

பையருக்குக்கூட நான் சொல்லாத உண்மை அது.

அதற்குள் வெளியே சத்தம். மணலிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் போட ஷூ இல்லை. ஒன்றுகூட இல்லை. விசாரித்த ஒரு அம்மாவிடம் ஆதிரா பொறுமையாக அதே பதிலைச் சொல்லியிருக்கிறாள் - கிளம்பிடுச்சு.

சுவருக்குப் பின்னால் சருகு அள்ளும் தள்ளுவண்டி நின்றிருக்கிறது. இவள் சரக்கு ஏற்றியிருக்கிறாள். தோட்டக்காரர் கவனிக்காமல் மேலே சருகைக் கொட்டித் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் அந்த வாக்கியம் உண்மையானது அதுதான் முதல் தடவை.

என் கணவர் குப்பை மேட்டைப் பார்த்து ஓடினார். நான் வெறுங்கால் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நடுவில். "இன்னாம்மா, ஒரே பேஜாரா பூட்ச்சு" என்றார் மகனை இடுப்பில் தூக்கி வைத்திருந்த ஒருவர். என் காதில் அது சரியாக விழவில்லை. சீட் போச்சு, ஒரு வருஷம் போச்சு. சம்பளம் நின்ற பிறகு கடைசி வருஷ ஃபீஸை எங்கிருந்து கட்டுவேன்? மூளை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கணவர் பனியனோடு வந்தார். சட்டைக்குள் ஷூ மூட்டை. பிரித்துக் கொட்டினோம். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மாதிரி. எது யாருடையது? பெற்றவர்களே முழித்தார்கள்.

ஆதிரா முழிக்கவில்லை. ஒவ்வொரு ஜோடியாக எடுத்தாள். சொந்தக்காரப் பிள்ளையின் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். கடைசி ஜோடி வரைக்கும் ஒரு தப்பு இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சேத்துக்கறோம்மா. அந்த சேம்பிளை வீட்லயே வச்சிடுங்க. இதை அனுப்புங்க."

ஆட்டோவில் வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி பதினேழு வருஷத்துக்குக் கவலையில்லை என்று கணவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதிரா கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அங்க மறுபடியும் போணுமா?"

ஜூனிலிருந்து தினமும் என்றேன்.

"எவ்ளோ நாளு?"

என் கணவருக்கு வாய் சும்மா இருக்குமா? பதினேழு வருஷம் கண்ணு என்று சொல்லிவிட்டார். அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். இரண்டு கையும் தீர்ந்துபோனது. அப்புறம் என் கையைத் தட்டி, ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"எனக்கு வேணாம்மா. நீ போ."

ஆக, சீட் கிடைத்துவிட்டது... உட்காரத்தான் ஆள் தேட வேண்டும்.