புல்லுக்குப் போகும் தண்ணீர்

கனி, பிரவீன், அப்பா இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் ‘கார்டன் வேலை’ என்று சுருக்கமாக முடித்துவிடுவேன். இன்று முழுதாகச் சொல்கிறேன். சவுதியின் இந்தத் தம்மாமில் ஒரு பெரிய சாலையின் ஓரம் நெடுகப் புல் வளர்க்கிறார்கள். அந்தப் புல்லை ஆடு மேயாது, மாடு மேயாது. கார்கள் அதைப் பார்த்துக்கொண்டே பறந்து போகும், அவ்வளவுதான். மழையைக் காண்பதே அரிதான இந்த மண்ணில் அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். விடுகிறவன் நான். வால்வைத் திருகினால் போதும், மண்ணுக்குள் புதைத்த பைப்பிலிருந்து சீறிக்கொண்டு வரும். வந்த புதிதில், வீணாகப் போகிறதே என்று மனசு கேட்காமல் பாதியிலேயே மூடிவிட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்து அரபியில் கத்தினார். அவர் கணக்கில் நான் சோம்பேறி. தண்ணீரை மிச்சம் பிடித்தேன் என்று அவருக்கு நான் எந்த மொழியில் சொல்வது?

காரிமங்கலத்துக்கு மேற்கே நம் சாமந்திக் காடு கிணறு வற்றிக் காய்ந்தபோதுதான் நான் கிளம்பினேன். முதலில் அனுப்பிய பணத்தில் போர் போட்டோம். தண்ணீர் வந்தது. சாமந்தி பூத்தது, அம்மா கூடை கூடையாகச் சந்தைக்கு அனுப்பினாள். அந்தக் கோடையிலேயே பக்கத்துக் காட்டு முனுசாமிப் பெரியப்பா கிணறு அடி தெரிந்துவிட்டது. அவர் மகன் மலேசியா போனான். அவன் பணத்தில் நம்மைவிட ஆழமாகப் போர் இறங்கியது. நம் மோட்டார் காற்றை இழுத்தது. நாம் இன்னும் ஆழமாகப் போட்டோம். அதற்கு அடுத்த காட்டுக்காரர் அதைவிட ஆழம். யார் மேலும் குற்றமில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையின் வியர்வை இன்னொரு வீட்டுத் தண்ணீரை இழுக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் அயல்நாட்டில் சம்பாதித்தது பேங்கிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. பூமிக்குள் இறங்கிக் கிடக்கிறது.

போன வாரம் போட்டதுதான் கடைசி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். தண்ணீர் வந்தால் டிக்கெட் போட்டு ஊருக்கே வந்துவிடுவதாகவும் சொல்லியிருந்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். கம்பைநல்லூர் பக்கமிருந்து நீரோட்டம் பார்ப்பவர் வந்து, தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நடந்து, அது எழுந்து நின்ற இடத்தில் கல் நட்டார். அம்மா போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் புல்லில் உட்கார்ந்து பார்த்தேன். போர் வண்டி துளைக்கத் துளைக்கக் குழியிலிருந்து வெள்ளை மாவாகக் கல்தூள் கிளம்பியது. ஈரம் பட்டால் நிறம் மாறும். மாறவில்லை.

“இன்னும் பொகையாத்தாங்க வருது,” என்றாள் அம்மா.

“இன்னும் ஒரு ராடு எறக்கச் சொல்லு.”

இறக்கினார்கள். மறுபடியும் மாவு. மறுபடியும் நான் அதையே சொன்னேன்.

வேடிக்கை பார்க்க வந்த முனுசாமிப் பெரியப்பா போனுக்குள் எட்டிப் பார்த்தார். “ஏம்பா மாதேசு, இப்பிடியே எறக்குனா பூமியப் பொத்துக்கிட்டு நீ இருக்கற ஊருக்கே வந்துரும். தண்ணி இருந்தா அந்தப் பக்கமிருந்து ஊத்து!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டிக்காரர் அம்மாவிடம், “அக்கா, இதுக்கு மேல வெறும் கல்லுதாங்க. நிறுத்திக்கலாங்க,” என்றார். சத்தம் நின்றது. அம்மா முகத்தில் கல்தூள் அப்பியிருந்தது. எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. “சாப்டீங்களா?” என்றாள்.

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அரபிப் பெரியவர் என் கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வெயிலில் தாகம் என்று நினைத்துக்கொண்டார். காருக்குப் போய் ஒரு பாட்டில் எடுத்து வந்து நீட்டினார். “மோயா, மோயா,” என்றார். தண்ணீராம். ஆமாம், எனக்கு அதுதான் வேண்டும் என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வேலை ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பிள்ளைகளே. பிரவீன், அன்று ராத்திரி போனில், “நானும் அங்க வந்து சம்பாரிச்சு இன்னும் ஆழமாப் போடறேன்பா,” என்றாயே, அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த ஆழத்துக்கு அடி கிடையாது சாமி. வேறென்ன செய்யலாம் என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மலையாளி கடையில் குடுமியோடு ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு தனியாக அந்தச் சாலைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துப் புல்லின் மேல் நடந்தேன். அடியில் பைப் ஓடும் இடத்துக்கு வந்ததும், நானே சாய்த்தேனோ என்னவோ, தேங்காய் மெல்ல எழுந்து நின்றது. சுற்றிலும் பார்த்தேன். நட்டு வைக்க ஒரு கல் கூட இல்லை.