ஏழாம் வீட்டுக் குங்குமச்சிமிழ்கள்

பெம்பான் டவுனுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மாவின் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் லயத்து வரிசை வீடுகளில் முந்தின நாள் நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிடுவாள். நல்ல மனசுக்காரி. அந்த நல்ல மனசாலேயே ஒருத்திக்கு எட்டு வருஷம் அநியாயம் செய்தாள்.

அந்த ஒருத்தி ஏழாம் வீட்டுப் பெத்தம்மாள். புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டு உலர்த்தும் சுப்பனின் மனைவி. மாரியம்மாவுக்குப் பக்கத்து நிரை மரங்களில் பட்டை வெட்டிப் பால் எடுப்பவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. குழாயடியில் ஊர்க்கதை கொதித்துக்கொண்டிருக்கும். குடம் நிறைந்ததும் இவள் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். திமிர் பிடித்தவள் என்றார்கள், கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பேசாதவர்களைப் பற்றிப் பேசுவதென்றால் நம் ஜனங்களுக்கு அலுப்பே தட்டாது. மாரியம்மா மட்டும் பரிந்து பேசுவாள்.

"அவ சுபாவம் அப்படி லா. நாலு பேரப் பார்த்தாலே ஆகாது, பாவம்."

அந்தப் 'பாவம்'தான் வினையாகப் போயிற்று.

அந்தக் காலத்துக் கல்யாண அழைப்பை இப்போது நினைத்தாலும் ஆசையாக இருக்கிறது. ஆண்களுக்குப் பெரட்டிலேயே சொல்லிவிடுவார்கள். பெண்களுக்கு அது செல்லாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் எடுத்துக்கொண்டு, லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை சிரிப்பும் கும்மாளமுமாகப் போவார்கள். வாசலில் குங்குமம் வாங்கிக்கொள்ளாதவள் கல்யாணப் பந்தலில் கால் வைக்கமாட்டாள்.

1926இல் ஒரு கல்யாணத்தில் பெத்தம்மாள் மூலையோரம் உட்கார்ந்திருந்தாள். கும்மி தொடங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மாரியம்மா அதைக் கண்டாள்.

"இனிமே அவளக் கூப்பிட வேணாம். கூப்பிட்டா வராம இருக்க முடியாது, வந்தா அவளுக்கு அவஸ்த" என்று தீர்ப்புச் சொன்னாள். தாம்பாளம் பிடித்து முன்னால் நடப்பவள் எப்போதும் அவள்தான். அன்றிலிருந்து தாம்பாளம் ஆறாம் வீட்டிலிருந்து நேரே எட்டாம் வீட்டுக்குப் போயிற்று. சுப்பன் மட்டும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான்.

1934இல் மாரியம்மாவின் மகள் ஜெயாவுக்கே கல்யாணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தாம்பாளம் சுற்றி வந்தாயிற்று. ஏழாம் வீடு வழக்கம்போல விட்டுப்போயிற்று. செவ்வாய்க்கிழமை மஞ்சளும் சேலையும் வாங்க மாரியம்மா பெம்பானில் மீரா சாஹிப் கடைக்குப் போனாள்.

"ஒம் மகளுக்குச் சிமிழ் போன மாசமே போயிருச்சேம்மா" என்றார் மீரா சாஹிப்.

"யாருண்ணே வாங்குனது?"

"ஒங்க தோட்டத்துப் பெத்தம்மாதான். அங்க எந்தக் கல்யாணம்னாலும் மொத ஆளா வந்து பித்தளைக் குங்குமச்சிமிழ் ஒண்ணு வாங்கும். பொண்ணு பேரச் சொல்லி, நல்லதாப் பார்த்துக் குடுங்கன்னு கேக்கும். வேற ஒரு வார்த்த பேசாது."

மாரியம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த எட்டு வருஷத்தில் ஆறு கல்யாணம். ஆறு பெண்களில் ஒருத்தி கையிலும் பெத்தம்மாள் வாங்கிய சிமிழைப் பார்த்ததில்லை. அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. தாம்பாளம் போகும்போதெல்லாம் பெத்தம்மாள் தலை வாரி, நல்ல சேலை கட்டி வாசலில் நிற்பாள். இந்த ஞாயிற்றுக்கிழமையும் நின்றாள். சும்மா வேடிக்கை பார்க்கிறாள் என்றல்லவா நினைத்தோம்!

தாண்டிப்போன தாம்பாளம் திரும்பி வந்தால் அந்த வீட்டுக்காரி கதவைச் சாத்தலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் அப்படி ஒரு அவமானம் வேண்டுமா என்று தயங்கினாள். பிறகு, அன்று சாயங்காலமே தனியாளாகத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஏழாம் வீட்டு வாசலில் போய் நின்றாள். லயமே எட்டிப் பார்த்தது.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். ஒங்களுக்குக் கூட்டமே ஆகாதுன்னு நெனச்சேன்."

பெத்தம்மாள் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கும்மிச் சத்தந்தான் ஆகாது. தல வலிக்கும்" என்றாள். பிறகு, "கல்யாணம் பாக்கப் புடிக்கும்" என்றாள்.

"அப்ப வாங்குன சிமிழயெல்லாம் குடுத்திருக்கலாமேக்கா?"

"கூப்பிடாத கல்யாணத்துக்குக் குடுத்தா, குத்திக்காட்டுன மாதிரி ஆயிடாதா?"

சொல்லிவிட்டு நெற்றியை நீட்டினாள். மாரியம்மா குங்குமம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பந்தலுக்கு முதல் ஆளாக வந்தவள் பெத்தம்மாள். ஜெயாவின் கையில் சிமிழை வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் பாசம் பொங்கி அவளை நடுவில் இழுத்தார்கள். "விடுங்கடி, அவங்களுக்குப் புடிச்ச எடத்துல இருக்கட்டும்" என்று மாரியம்மா அதட்டினாள். கும்மி தொடங்கியதும் பெத்தம்மாள் எழுந்து ரம்புத்தான் மரத்தடிக்குப் போனாள். முடிந்ததும் திரும்பி வந்து அதே மூலையில் உட்கார்ந்தாள். கடைசிப் பந்தி வரை இருந்தாள்.

மறுவாரம் இரண்டு பேரும் பழைய மணப்பெண்களைத் தேடிப் போனார்கள். இடுப்பில் பிள்ளையும் கையில் ரப்பர் பால் வாளியுமாக நின்றவர்கள், தங்கள் கல்யாணச் சிமிழை இப்போது வாங்கிக்கொண்டு சிரித்தார்கள், அழவும் செய்தார்கள். ஐந்து சிமிழ் போயிற்று. ஒன்று மிஞ்சியது. அது முனுசாமியின் மகள் இருசம்மாளுடையது. ரப்பர் விலை விழுந்து ஆட்குறைப்பு வந்தபோது அவள் புருஷனோடு தாய்நாட்டுக்குக் கப்பலேறிப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊர்ப் பேர்கூட யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பெத்தம்மாள் அந்தச் சிமிழை முந்தானையால் துடைத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தாள். யாரும் கேட்காமலே பேசினாள்.

"அந்தப் புள்ள மட்டும் கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நிரைக்கு வந்து கேட்டுச்சு, 'ஏன் பெரியம்மா நீங்க வரல, எம்மேல கோவமா'ன்னு. நான் ஒண்ணும் சொல்லல. கோவம்னு நெனச்சுக்கிட்டே கப்பலேறிடுச்சு."

அதற்கப்புறம் ஊருக்குக் கப்பலேறும் ஒவ்வொருவரையும் மாரியம்மா வழிமறித்து நிறுத்துவாள். இருசம்மாள் என்று ஒரு பெண்ணை எங்கேயாவது பார்த்தால், பெரியம்மாவுக்குக் கோபமே இல்லை, இந்த மாரியம்மாதான் கூப்பிடவில்லை என்று சொல்லச் சொல்வாள்.