கரண்ட் இல்லாமல் அடித்த ஷாக்

அப்பா என்னைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பியபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கிட்டு ஊட்டுக்கு வந்தாலும் அத்தோட சரி கண்ணு. அப்புறம் வேலைங்கற பேச்சே எடுக்கப்படாது." அது எழுபதுகளின் தொடக்கம். சாமளாபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பெண் நான். நான் எப்போது அழுதுகொண்டு வருவேன் என்று தெருவே காத்திருந்தது என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். பாதித் தெரு காத்திருந்தது.

நான் சேர்ந்தது ஒரு சின்ன பனியன் கம்பெனி. மெஷினில் பின்னி வருகிற துணியை நீண்ட மேசையில் அடுக்கடுக்காக விரித்துப் போடுவது எங்கள் ஐந்து பெண்களின் வேலை. மேசை மரம், அதன் ஓரம் முழுக்க இரும்புப் பட்டை. கம்பெனிக்குள் யாரும் செருப்போடு நுழையக்கூடாது. மெஷின் இருக்கிற இடம் கோயில் மாதிரி என்பார் முதலாளி. வெள்ளைத் துணியில் மண் படக்கூடாது என்பதுதான் அதைவிட உண்மையான காரணம். முதல் வருடம் முழுக்கப் பருத்தித் துணிதான் ஓடியது. ஒரு தொந்தரவும் இல்லை.

அடுத்த வருடம் மாசி மாதத்தில், காற்றெல்லாம் காய்ந்து கிடந்த நேரத்தில், முதலாளி எங்கிருந்தோ நைலான் நூல் பிடித்து வந்தார். துணி பளபளவென்று வந்தது. பார்க்கத்தான் அழகு. ஓர் அடுக்கின் மேல் இன்னொன்றைப் போட்டால் படியாமல் பொம்மென்று எழும்பி நிற்கும். அமுக்கப் போனால் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். முழங்கை மயிர் சிலிர்க்கும், விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று குத்தும். "கரண்ட் அடிக்குதுங்க" என்று மேஸ்திரியிடம் சொன்னோம்.

மேஸ்திரி நல்ல மனிதர். அந்த நல்ல மனசுதான் எங்களுக்கு வினையானது. கரண்ட் என்றால் மரப்பலகை மேல் நிற்க வேண்டும், ரப்பர் செருப்புப் போட வேண்டும் என்பது அவர் அறிந்த வைத்தியம். முதலாளியிடம் கெஞ்சி, எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் உள்ளே செருப்புப் போட அனுமதி வாங்கினார். ஆளுக்கொரு பலகையும் போட்டுக்கொடுத்தார். துணி உருளைகளைத் தூக்கி வரும் ஆண்கள் வழக்கம்போல வெறுங்காலோடு நடந்தார்கள்.

அன்றிலிருந்து எறும்புக்கடி தேள்கொட்டாகிவிட்டது. இரும்புப் பட்டையில் விரல் பட்டால் போதும், சடக்கென்று சத்தத்தோடு அடிக்கும். ஆண்கள் வந்து அதே பட்டையைத் தடவிக் காட்டிச் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலக்ட்ரீசியன் மேசைக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒயரே போகலீங்களே" என்று கையை விரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் கட். மெஷின்கள் நின்றுவிட்டன. நாங்கள் மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் துணி விரித்துக்கொண்டிருந்தோம். அப்போதும் எனக்கு அடித்தது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். முதலாளி எழுந்து வந்தார்.

"ஏனம்மிணி, கரண்டே இல்லாதப்ப ஷாக் எப்படி அடிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "பயந்தா எல்லாமே ஷாக்குத்தான்" என்றார் அவர். "திங்கக்கிழமையில இருந்து இந்த மேசைக்கு ஆம்பளைங்களைப் போட்டுக்கறேன். நீங்க அஞ்சு பேரும் ஊட்டைப் பாத்துட்டு இருங்க."

ஷாக் அடித்ததைவிட இது வலித்தது. அப்பா சொன்னது காதில் ஒலித்தது. அழுகை வந்தது. வராதே என்று அதையே மிரட்டினேன்.

சாப்பாட்டு நேரத்தில் சோற்றைத் தொடவில்லை. கழித்துப் போட்ட நைலான் துண்டுகள் இரண்டை எடுத்து ஆத்திரத்தில் விரலிடுக்கில் உருவிக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டால், சேராமல் கவட்டை மாதிரி விலகி நின்றன. கையைக் கிட்டே கொண்டு போனால் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. எட்டாம் வகுப்பில் படித்தது ஞாபகத்துக்கு வந்தது. தேய்த்தால் மின்சாரம் பிறக்கும். ஒரே வகை ஒன்றையொன்று தள்ளும், எதிர் வகை இழுக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்த வரிகள்.

அப்படியானால் இது ஒயரில் வருகிற கரண்ட் இல்லை. துணியை உருவி உருவி நாங்களே உண்டாக்குவது. கரண்ட் கட் அதை என்ன செய்யும்? ஆண்களின் வெறுங்காலைப் பார்த்தேன். என் காலடியில் இருந்த பலகையைப் பார்த்தேன். அவர்கள் உடம்பில் ஏறுவது அப்போதைக்கப்போது தரையில் இறங்கிவிடுகிறது. எங்களுக்கு இறங்க வழியில்லை. ரப்பரும் மரமும் அடைத்துக்கொண்டதால் உடம்பிலேயே சேர்ந்து சேர்ந்து, இரும்பைத் தொட்டதும் மொத்தமாகப் பாய்கிறது. எங்களைக் காப்பாற்றக் கொடுத்த பலகைதான் எங்களைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஒரு சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்து வந்து, பலகையைத் தள்ளிவிட்டு நான் நிற்கும் இடத்தில் விரித்தேன். அதற்குள் கரண்ட் வந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. நான் செருப்பைக் கழற்றியதைப் பார்த்து மேஸ்திரி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஈரத்துல நின்னுக்கிட்டு இரும்பைத் தொடாதீங்க அம்மிணி! செத்துப் போயிருவீங்க!"

எனக்கும் பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அழுதுகொண்டு ஊர் திரும்புகிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஈரச் சாக்கின் மேல் ஏறி நின்று, துணியைச் சரசரவென்று பத்து அடுக்கு இழுத்து விரித்தேன். பிறகு இரும்புப் பட்டையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டேன். "மொதலாளி, பயமில்லாத ஆளு நீங்க. இந்தப் பலகை மேல நின்னு ரெண்டு அடுக்கு இழுத்துட்டு, இந்தப் பட்டையத் தொடுங்க பாக்கலாம்." மேஸ்திரி வாசலில் விட்டிருந்த தன் ரப்பர் செருப்பை எடுத்து வந்து வைத்தார். சுற்றி எல்லோரும் நிற்கும்போது மாட்டேன் என்று முதலாளியால் சொல்ல முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினார், இழுத்தார், தொட்டார். சடக்! "முருகா!" என்று பலகையிலிருந்து குதித்தார். விரலை உதறிக்கொண்டார். "திங்கக்கிழமை அஞ்சு பேரும் வந்திருங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை செருப்பை வாசலில் விட்டோம். ஈரச் சாக்கின் மேல் நின்று வேலை செய்தோம். பலகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். என்னுடையதை மட்டும் நான் தரவில்லை, மேசைக்கடியில் தள்ளி வைத்துக்கொண்டேன்.

அடுத்த பங்குனியில் பம்பாய் வியாபாரி ஒருவர் சரக்குப் பார்க்க வந்தார். அன்றும் கரண்ட் கட். ஈரச் சாக்கு எதற்கு என்று அவர் கேட்டார். "அதை நான்தானுங்க கண்டுபிடிச்சேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் முதலாளி. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. காலால் பலகையை இழுத்து அதன் மேல் ஏறி நின்றேன். நாலு அடுக்கு துணியை வேகமாக உருவினேன். மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து முதலாளியிடம் பணிவாக நீட்டினேன். என் விரல் அவர் விரலில் பட்டது. எனக்கும் சேர்த்துத்தான் அடித்தது. பரவாயில்லை.

அவர் துள்ளி விழுந்ததும் கேட்டேன்: "ஏனுங்க மொதலாளி, கரண்டே இல்லாதப்ப எப்படிங்க ஷாக் அடிக்கும்?"