தெற்கே இறங்கிய வெயில்

தெருவில் எல்லோருக்கும் அவர் கரண்ட்காரர். மீட்டர் பெட்டி புகைந்தாலும் அவர்தான், மொட்டை மாடியில் சோலார் தகடு பொருத்தவும் அவர்தான். தகடு வைக்க யாராவது கேட்டு வந்தால் போதும், ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார்.

“பூமி நேரா நிக்கல சார். சாஞ்சுக்கிட்டேதான் சூரியனைச் சுத்தி வருது. கோடையில நம்ம பக்கம் அதைப் பாத்துக் குனியுது, வெயில் உச்சந்தலையில அடிக்குது. குளிர்ல விலகிப் போயிடுது, வெயில் தெற்கே இறங்கிடும். அந்தப் பக்கம் ஒரு சுவர் இருந்தாப் போதும், நிழல் நீளமா வந்து படுத்துக்கும். கோடையை நம்பித் தகடு வெச்சீங்க, குளிர்ல கையைப் பிசைவீங்க.”

இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றது சாட்சாத் அவரேதான்.

அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்ட்டோ பாதி நாள் இருப்பதில்லை. அந்த நேரமெல்லாம் மிஷின் பேட்டரியில் ஓடும். பேட்டரிக்குச் சாப்பாடு மாடியில் இருக்கும் தகடுகள். அவற்றை அவர் வைத்திருந்தது மாடியின் தெற்கு ஓரத்தில், பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் காலடியில். குளிர் தொடங்கியதிலிருந்து அந்தக் கட்டடத்தின் நிழல் நாளுக்கு நாள் நகர்ந்து வந்து, இன்று காலை கடைசித் தகட்டையும் விழுங்கிவிட்டது. கரண்ட் இல்லை. பேட்டரியில் சிவப்பு விளக்கு. மிஷின் கீச்சிட்டு நின்றதும், மூலையில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்து வந்து அவள் மூக்குக் குழாயை அதில் மாட்டினார். அதிலும் அளவு காட்டும் முள் அடியில்தான் இருந்தது. சிலிண்டர் விற்பவன் போனையே எடுக்கவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மச்சினன் விழுந்தடித்துக்கொண்டு வந்தான். மாடியைப் பார்த்தவன், வந்த வேகத்தில் கீழே இறங்கி வந்தான்.

“என்ன மாமா இது? தெற்குல மலை மாதிரி கட்டடம், அதுக்குக் கீழ போய் வெச்சிருக்கீங்க? படிக்கட்டு ரூம் மேல வெச்சிருந்தா நிழலே விழாதே.”

“அதுக்கு ஸ்டாண்டு அடிக்கணும் மாப்ள. இவளை டிஸ்சார்ஜ் பண்ணின அவசரத்துல... மறந்துட்டேன்.”

கட்டிலில் இருந்தவள் மெல்லச் சிரித்தாள். “ஊருக்கெல்லாம் எலுமிச்சம்பழத்தைக் காட்டுவீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் பூமி நிமிர்ந்து நின்னுடுச்சா?”

அவர் தரையைப் பார்த்தார்.

“குளிர் வரைக்கும் நான் இருக்க மாட்டேன்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாரு. அதானே?”

உண்மை அதுதான். இந்தக் கோடைக்கு மட்டும் போதும் என்றுதான் அன்று வைத்தார். அப்படிக் கணக்குப் போட்ட மனுஷனை இன்று அவரே செருப்பால் அடித்திருப்பார். அவள் கோடையைத் தாண்டி, மழையைத் தாண்டி, இந்தக் குளிரில் வந்து மூச்சுக்குத் தவிக்கிறாள்.

மச்சினன் கையிலிருந்த அளவு டேப்பை விரித்தான். “என் பட்டறைப் பக்கம் இப்ப கரண்ட் இருக்கு. ஸ்டாண்டை அடிச்சு எடுத்துட்டு வந்துடுறேன். பொழுது சீக்கிரம் சாஞ்சுடும், மாமா. ஸ்டாண்டு காலை எந்தச் சாய்வுல வெல்டு பண்ண? வருஷம் முழுக்க ஓடுற மாதிரியா, குளிர் வெயிலுக்குன்னு இன்னும் நிமிர்த்தியா?”

இன்றைக்கு வேண்டியது நிமிர்த்தி வைப்பதுதான், அவருக்குத் தெரியாதா? தாழ்ந்த வெயிலில் கிடைக்கும் கொஞ்சத்தையும் அப்படித்தான் பிடிக்க முடியும். ஆனால் கோடைக்கு மட்டும் என்று கணக்குப் போட்டவர், ‘குளிருக்கு மட்டும்’ என்று அவள் காதுபட எப்படிச் சொல்வார்?

“வருஷம் முழுக்க வர்ற மாதிரி அடி,” என்றார்.

“பொய் சொல்றாருடா தம்பி,” என்றாள் அவள், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேடிக்கொண்டு. “குளிருக்கே அடி. முதல்ல இதைத் தாண்டுறேன்.”

மச்சினன் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். கரண்ட்காரர் சிலிண்டரைப் பார்த்தார். முள் இன்னும் இறங்கியிருந்தது. கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அவள் விரலால் அவர் முழங்கையைத் தள்ளினாள்.

“அழுதா முள்ளு ஏறாதுங்க. போய்த் தகட்டைக் கழட்டி வைங்க.”